களைப்பை வேலையோடு சேர்த்துக் கேட்டபோது: பிராங்ஸில் ஸ்பானிய மொழி பேசும் ஒரு மூதாட்டி பற்றிய நிகழ்வு ஆய்வு

நியூயார்க் நகரின் பிராங்ஸ் பகுதியில் உள்ள முதியோர் சிகிச்சைப் பிரிவு ஒன்றில் நடந்தது இது. அடையாளம் தெரியாமலிருக்கச் சில தனிப்பட்ட விவரங்கள் மாற்றப்பட்டிருக்கின்றன. முதியவர்களின் களைப்பை அளக்கும் செவிலியர், இயன்முறை மருத்துவர், ஆய்வுக் களப்பணியாளர் ஆகியோருக்காக எழுதப்படுகிறது. ஸ்பானிய மொழி பேசுவோரைப் பற்றிய நிகழ்வுதான். ஆனால் இதில் வெளிப்பட்ட சிக்கல்களில் பாதி, எந்த மொழி பேசும் முதியவரிடமும் வரக்கூடியவை.

பின்னணி

அந்த மூதாட்டிக்கு வயது 76. புவெர்ட்டோ ரிக்கோவின் மலைப்பகுதியில் காப்பித் தோட்ட வேலை செய்யும் குடும்பத்தில் பிறந்தவர். பள்ளிப் படிப்பு நான்காம் வகுப்பு வரை. இருபதுகளில் நியூயார்க் வந்து, தையல் கூடத்திலும் பிறகு பள்ளிச் சமையலறையிலும் வேலை பார்த்தார். இப்போது மகளோடும் பேரனோடும் நான்காம் மாடிக் குடியிருப்பில் இருக்கிறார். கட்டடத்தில் மின்தூக்கி உண்டு.

14 ஆண்டுகளாக இரண்டாம் வகை நீரிழிவு. நீண்ட கால இரத்த அழுத்தம். மருந்துகள்: மெட்ஃபார்மின் 1000 மி.கி. இருவேளை, மெட்டோப்ரோலால் 50 மி.கி. இருவேளை, லொசார்டன் 50 மி.கி., ஒமெப்ரசோல் 20 மி.கி., அடோர்வாஸ்டாடின் 20 மி.கி. இவற்றோடு, இரண்டு ஆண்டுகளுக்கு முன் வேறோர் இடத்தில் அவசர சிகிச்சையில் தரப்பட்ட அல்புடெரால் உறிஞ்சுமருந்தும் இருந்தது. அதை எதற்காகத் தந்தார்கள் என்பது அவருக்கும் மகளுக்கும் தெளிவாகத் தெரியவில்லை.

வந்த காரணத்தை மகள்தான் சொன்னார்: அம்மா எப்போதும் களைத்துப்போய் இருக்கிறார்.

முதல் சந்திப்பில் பதிவானவை

வழக்கமான சேர்க்கைப் படிவத்தில் களைப்புக்கு மூன்று அளவீடுகள் இருந்தன. மூன்றும் அன்றே எடுக்கப்பட்டன.

முதலாவது, 0 முதல் 10 வரை எண் சொல்லும் ஒற்றைக் கேள்வி. அதற்கு அவர் 1 என்றார்.

இரண்டாவது, 13 கேள்விகள் கொண்ட ஃபேசிட் களைப்பு வினாப்பட்டி. கடந்த 7 நாட்களைப் பற்றிக் கேட்பது, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை, மொத்தம் 52. மதிப்பெண் கூடினால் களைப்பு குறைவு என்று பொருள். புதிதாக இதைக் கையாள்பவர்கள் அடிக்கடி தலைகீழாகப் படிக்கும் இடம் இது. அமெரிக்கப் பொது மக்களின் சராசரி ஏறக்குறைய 43 முதல் 44. இவர் பெற்றது 42.

மூன்றாவது, 2001 இல் ஃப்ரீட் குழுவினர் வகுத்த நலிவு (முதுமையில் உடலின் தாங்குதிறன் குன்றும் நிலை) வரையறையில் வரும் ‘சோர்வு’ அளவுகோல். மனச்சோர்வு வினாப்பட்டி ஒன்றிலிருந்து எடுத்த இரண்டே கேள்விகள்: கடந்த வாரத்தில் எதைச் செய்தாலும் பெருமுயற்சியாகத் தோன்றிய நாட்கள் எத்தனை, எழுந்து வேலையைத் தொடங்க முடியாமல் போன நாட்கள் எத்தனை. மூன்று நாட்களோ அதற்கு மேலோ இருந்தால் சோர்வு உண்டு என்று எடுத்துக்கொள்வார்கள். இரண்டுக்கும் இவர் சொன்ன பதில், ஒரு நாளுக்கும் குறைவு.

நான்கு மீட்டர் நடை வேகம் விநாடிக்கு 0.84 மீட்டர். தசைநலிவுக்கான 0.8 எல்லைக்கு மேலேதான். மனச்சோர்வுக்கான பிஎச்க்யூ-9 மதிப்பெண் 4. அதிலும் கவலைப்பட ஏதுமில்லை. பதிவேட்டில், குறிப்பிடத்தக்க களைப்பு இல்லை என்று எழுதப்பட்டது.

மகள் அதை ஏற்கவில்லை. அவர் வற்புறுத்தியதால்தான் மூன்று வாரம் கழித்து இன்னொரு நீண்ட சந்திப்புக்கு நேரம் ஒதுக்கப்பட்டது. உடனிருப்பவர் சொல்வதும் வினாப்பட்டி சொல்வதும் இவ்வளவு முரண்பட்டால், அந்த முரண்பாட்டையே ஒரு கண்டுபிடிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டும். யாரோ ஒருவர் மிகைப்படுத்துகிறார் என்று முடிவு கட்டிவிட்டால் விசாரணை அங்கேயே நின்றுபோகும்.

இரண்டாம் சந்திப்பு: ஒரு நாளின் கணக்கு

இந்த முறை மூன்று ஏற்பாடுகள் மாற்றப்பட்டன. தொலைபேசி மொழிபெயர்ப்பாளருக்குப் பதில், கரீபியன் ஸ்பானிய வழக்கு அறிந்த செவிலியர் நேரில் பேசினார். மகள் முதல் பாதியில் வெளியே காத்திருந்தார். பிறகு மகளிடம் தனியாகக் கேட்கப்பட்டது. எண்ணைக் கேட்பதற்கு முன், ஒரு நாள் எப்படிப் போகிறது என்பது மணிவாரியாகக் கேட்கப்பட்டது.

மகளை வெளியே இருக்கச் சொன்னது அவர்மீது நம்பிக்கை இல்லாமல் அல்ல. ஐக்கிய அமெரிக்காவில் குடும்பத்தாரை மொழிபெயர்ப்பாளராகப் பயன்படுத்துவதை மலிவுப் பராமரிப்புச் சட்டத்தின் 1557 ஆம் பிரிவு விதிகள் கட்டுப்படுத்துகின்றன என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியமான காரணம், பிள்ளைகளின் முன்னால் தாய் தன்னால் முடியவில்லை என்று சொல்லமாட்டார் என்பது. ‘நலமா?’ என்று கேட்டால் ‘கடவுள் புண்ணியத்தில் நன்றாக இருக்கிறேன்’ என்பதுதான் அந்தத் தலைமுறையில் மரியாதையான பதில். களைப்பு எத்தனை என்ற கேள்விக்கு முதல் நாளில் கிடைத்த 1 என்ற எண்ணில் அந்த மரியாதைக்கும் பங்கு உண்டு.

இன்னொரு பங்கு சொல்லுக்கு. ஒற்றைக் கேள்வியில் ‘ஃபத்தீகா’ என்ற சொல் இருந்தது. அகராதிப்படி அது களைப்புதான். ஆனால் புவெர்ட்டோ ரிக்கோ, தொமினிக்கன் வழக்கில் பலருக்கு அது மூச்சிரைப்பு. ஆஸ்துமா இழுப்புக்கும் அந்தச் சொல்தான். ஸ்பெயினின் அந்தலூசியாவில் குமட்டலுக்கும் அதைச் சொல்வார்கள். இந்த மூதாட்டிக்கு மூச்சு நன்றாகத்தான் இருந்தது. அதனால் 1 என்றார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவசர சிகிச்சையில் இதே சொல் எதிர்த்திசையில் வேலை செய்திருக்கக்கூடும்: மகள் களைப்பு என்ற பொருளில் சொன்னதை மூச்சுத்திணறல் என்று எடுத்துக்கொண்டு உறிஞ்சுமருந்து தந்திருக்கலாம். அமெரிக்காவின் ஸ்பானிய வம்சாவளிக் குழுக்களில் புவெர்ட்டோ ரிக்கோ மக்களிடம்தான் ஆஸ்துமா அதிகம். ஆகவே அந்த ஊகம் மருத்துவருக்கு இயல்பாகத் தோன்றியிருக்கும். இந்தச் சந்திப்பிலிருந்து ‘கன்சான்சியோ’ என்ற பொதுச் சொல்லே பயன்படுத்தப்பட்டது. மூச்சு பற்றித் தனியாகக் கேட்கப்பட்டது.

மணிவாரிக் கணக்கு தந்த தகவல் எல்லா எண்களையும் புரட்டிப்போட்டது. காலை ஏழு மணிக்கு எழுகிறார். குளியலறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து குளிக்கிறார். சமையலறையிலும் ஓர் உயர நாற்காலி. பீன்ஸ் அலசுவதும் வெங்காயம் நறுக்குவதும் அதில் உட்கார்ந்துதான். அடுப்பில் கிளற மட்டும் எழுகிறார். தெருமுனைக் கடைக்குப் பேரன் போகிறான். இரண்டு தெரு தாண்டியுள்ள தேவாலயத்துக்கு நடந்து போவதை விட்டு ஓராண்டுக்கு மேலாகிறது. ஞாயிறு பூசையைத் தொலைக்காட்சியில் பார்க்கிறார். சலவை மகளின் பொறுப்பு. மதியம் சாய்வு நாற்காலியில் ஜெபமாலை சொல்லியபடி இருப்பார்; தூங்குவதில்லை.

இப்படி வாழ்பவருக்குக் கடந்த 7 நாட்களில் களைப்பு வந்திருக்காது. களைப்பு வரும் இடங்கள் ஒவ்வொன்றையும் அவர் முன்கூட்டியே அடைத்துவிட்டார்.

ஃபேசிட் தாளைத் திரும்ப எடுத்துப் பார்த்தால் இது வரி வரியாகத் தெரியும். வழக்கமான வேலைகளைச் செய்ய முடிகிறதா என்ற கேள்விக்கு முழு மதிப்பெண் 4 தந்திருந்தார். பொய் இல்லை. அவருடைய வழக்கம் அவ்வளவுக்குச் சுருங்கிவிட்டது. சுருங்கிய வழக்கத்தை அவரால் முழுமையாகச் செய்ய முடிகிறது. வேலை செய்ய உதவி தேவைப்படுகிறதா என்ற கேள்விக்கும் இல்லை என்றே பதில். பேரன் கடைக்குப் போவதை அவர் உதவி என்று எண்ணவில்லை. அது பேரன் செய்ய வேண்டிய வேலை.

அளவுகோலை மாற்றிய முடிவு

களைப்பு வேறு, களைப்புத்தன்மை வேறு. முதலாவது, ஒருவர் உணரும் அசதி. இரண்டாவது, குறிப்பிட்ட வேலையை, குறிப்பிட்ட நேரம், குறிப்பிட்ட வேகத்தில் செய்தால் எவ்வளவு அசதி வரும் என்பது. ஒரே நாளில் 80 வயதுக்காரர் ஒருவர் இரண்டு மணி நேரம் தோட்ட வேலை செய்துவிட்டு ‘5’ என்கிறார். இன்னொருவர் நாற்காலியை விட்டு எழாமல் ‘5’ என்கிறார். இரண்டு ஐந்தும் ஒன்றல்ல. வேலையின் அளவைக் கட்டிவைக்காமல் களைப்பை ஒப்பிட முடியாது.

அதனால் பிட்ஸ்பர்க் களைப்புத்தன்மை அளவுகோல் தேர்ந்தெடுக்கப்பட்டது. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்காக உருவாக்கப்பட்டு 2015 இல் வெளியானது. பத்து செயல்கள், ஒவ்வொன்றுக்கும் நேரமும் தீவிரமும் குறிப்பிடப்பட்டிருக்கும்: 30 நிமிடம் மெதுநடை, 1 மணி நேரம் விறுநடை, 1 மணி நேரம் இலேசான வீட்டு வேலை, 1 மணி நேரம் கடினமான தோட்ட அல்லது வெளிவேலை, 2 மணி நேரம் தொலைக்காட்சி, 1 மணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பது, 30 நிமிடம் தசைவலுப் பயிற்சி, 1 மணி நேரம் நாலு பேரோடு கலந்துகொள்வது, 1 மணி நேரம் விருந்தினரைக் கவனிப்பது, 30 நிமிடம் மிகத் தீவிரமான செயல். அந்தச் செயலைச் செய்வதாக எண்ணிக்கொண்டு, முடித்தவுடன் உடலில் எவ்வளவு களைப்பு, மனத்தில் எவ்வளவு களைப்பு என்று 0 முதல் 5 வரை தனித்தனியே சொல்ல வேண்டும். உடல் 50, மனம் 50. உடலில் 15, மனத்தில் 13 அல்லது அதற்கு மேல் போனால் களைப்புத்தன்மை அதிகம். இங்கே மதிப்பெண் கூடினால் களைப்பும் கூடுதல். ஃபேசிட்டுக்கு நேர் எதிர். இரண்டையும் ஒரே தாளில் பதிபவர்கள் மேலே அம்புக்குறி போட்டுவைப்பது நல்லது.

கேள்விகளைக் கேட்ட முறை

நான்காம் வகுப்பு வரை படித்தவரிடம் தாளைக் கொடுத்து நிரப்பச் சொல்வது அளவீடு ஆகாது. ஒவ்வொரு செயலும் வாய்விட்டுப் படிக்கப்பட்டது. 0 முதல் 5 வரையிலான விடைகள் பெரிய எழுத்தில், ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல்லோடு, அட்டையில் எழுதி மடியில் வைக்கப்பட்டன. அவர் விரலை வைத்துக் காட்டலாம்.

தொடங்கும் முன் இரண்டு ஒத்திகைக் கேள்விகள், மதிப்பெண்ணில் சேராதவை: ஒரு குவளை தண்ணீர் குடித்து முடித்தவுடன் எவ்வளவு களைப்பு, மின்தூக்கி பழுதாகி நான்கு மாடி ஏறி வந்தவுடன் எவ்வளவு களைப்பு. முதலாவதுக்கு 0, இரண்டாவதுக்கு 5. பிறகு நடுவில் உள்ள ஒன்று: ஒரு மாடி ஏறினால்? அட்டையில் சிறிது நேரம் விரலை ஓட்டி, 3 இல் நிறுத்தினார். நடு எண்களையும் பயன்படுத்துவார் என்பது அப்போது உறுதியானது. இந்த ஒத்திகை வீண் வேலை அல்ல. அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்தவர்களிடம் நடத்தி 1989 இல் ஹூய், டிரையாண்டிஸ் வெளியிட்ட ஆய்வில், ஸ்பானிய வம்சாவளியினர் ஐந்து படி அளவுகோலில் இரு ஓரங்களையும் மற்றவர்களைவிட அதிகம் தேர்ந்தார்கள். பத்துப் படி ஆக்கியபோது அந்த வேறுபாடு மறைந்தது. படிகள் குறைவான அளவுகோலில் நடுப்படிகளைப் பழக்கிவைக்காவிட்டால், கையில் மிஞ்சுவது ஆம், இல்லை என்ற இரண்டு பதில்தான்.

பெரிய தடுமாற்றம் நான்காம் செயலில் வந்தது. கடினமான வெளிவேலைக்கு விரல் உடனே 0 க்குப் போனது. “நான் காப்பி பறித்தே வளர்ந்தவள், அதெல்லாம் எனக்குக் களைப்பா?” என்றார். அவர் பதில் சொன்னது பதினெட்டு வயது உடம்புக்கு. செவிலியர் மறுக்கவில்லை, கேள்வியை மட்டும் இன்றைக்குக் கொண்டுவந்தார்: “அம்மா, இன்றைக்கு இங்கிருந்து நேரே ஒரு தோட்டத்துக்குப் போய், இப்போது இருக்கிற இந்தக் கால்களோடு ஒரு மணி நேரம் மண் கொத்தினீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முடித்து நிமிர்ந்ததும் எப்படி இருக்கும்?” சற்று யோசித்துவிட்டு 5 ஐத் தொட்டார். பதிவேட்டில் இரண்டு விடைகளும், இடையில் கேட்கப்பட்ட வாக்கியமும் எழுதப்பட்டன. விடையை மாற்றும்படி தூண்டிவிட்டோமா என்ற கேள்வி பிறகு எழும். அதற்கு இந்தக் குறிப்பு தேவை.

கடந்த ஒரு மாதத்தில் இந்தச் செயலைச் செய்தீர்களா என்று ஒவ்வொரு செயலுக்கும் கேட்க வேண்டும். நேரமில்லை என்று பலர் விட்டுவிடும் கட்டம் இது. இவர் பத்தில் நான்கைத்தான் செய்திருந்தார்: வீட்டு வேலை, தொலைக்காட்சி, உட்கார்ந்திருப்பது, உறவினரோடு பேசியிருப்பது. அவ்வளவு சிறிய வட்டத்துக்குள் அவர் வாழ்ந்தார் என்பதை அந்த நான்கு டிக் குறிகளே காட்டின.

உடல் மதிப்பெண்: மெதுநடை 3, விறுநடை 5, வீட்டு வேலை 3, வெளிவேலை 5, தொலைக்காட்சி 0, உட்கார்தல் 0, தசைப்பயிற்சி 4, நாலு பேரோடு கலப்பது 1, விருந்தோம்பல் 3, தீவிரச் செயல் 5. மொத்தம் 29, எல்லை 15. வெளிவேலைக்குச் சொன்ன முதல் விடையையே வைத்துக்கொண்டாலும் 24. மன மதிப்பெண் 9, எல்லைக்குக் கீழே. களைப்பு உடலில்தான் என்ற திசை இதில் கிடைத்தது.

நடைக்கூடத்தில்

வாய்ச்சொல்லை உடம்போடு ஒப்பிட 400 மீட்டர் நடைச் சோதனை செய்யப்பட்டது. 20 மீட்டர் இடைவெளியில் இரண்டு கூம்புகள்; போய்த் திரும்பினால் 40 மீட்டர்; பத்துச் சுற்று. ஒவ்வொரு சுற்றின் நேரமும் தனியாகப் பதிய வேண்டும். மொத்த நேரத்தை மட்டும் எழுதுவது இந்தச் சோதனையின் பாதிப் பயனைத் தூக்கி எறிவது. முதல் சுற்றில் உற்சாகமும் கடைசிச் சுற்றில் முடிக்கும் அவசரமும் கலக்கும். அதனால் இரண்டாம் சுற்றையும் ஒன்பதாம் சுற்றையும் ஒப்பிடுவது வழக்கம்.

விநாடிகளில்: 50, 48, 49, 51, 52, 54, 57, 60, 63, 62. மொத்தம் 9 நிமிடம் 6 விநாடி. இரண்டாம் சுற்றில் விநாடிக்கு 0.83 மீட்டர், ஒன்பதாம் சுற்றில் 0.63. நான்கு மீட்டர் நடையில் நன்றாகத் தெரிந்த வேகம், ஐந்தாம் சுற்றுக்குப் பிறகு கரையத் தொடங்கிவிட்டது. நான்கு மீட்டர் சோதனையால் இதைப் பிடிக்க இயலாது. அது முடியும்போது களைப்பு தொடங்கவே இல்லை.

நடந்து முடித்ததும் மூச்சு, கால் இரண்டையும் 0 முதல் 10 வரை தனித்தனியே கேட்டார்கள். மூச்சுக்கு 2, கால்களுக்கு 7. இரத்த ஆக்சிஜன் 97 இலிருந்து 96 விழுக்காடு, அதாவது மாற்றமில்லை. தன் சிரமத்தைத் தானே எண்ணால் சொல்லும் போர்க் உழைப்பு அளவில், 6 முதல் 20 வரை உள்ளதில், 15. நாடித்துடிப்பு தொடக்கத்தில் 58, முடிவில் 72.

கடைசி எண்தான் அறையில் இருந்த எல்லோரையும் நிறுத்தியது. உழைப்பு கடினம் என்று சொல்லும் அளவுக்கு நடந்தவரின் இதயம் 14 துடிப்புதான் கூடியிருக்கிறது.

காரணம் தேடியது

ஹீமோகுளோபின் 11.1 கிராம். பெண்களுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை 12. இரும்புச் சேமிப்பு, தைராய்டு, சிறுநீரகம் மூன்றும் சரியாக இருந்தன. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 7.2 விழுக்காடு. வைட்டமின் பி12 168 பிகோகிராம். 200 க்குக் கீழே குறைபாடு என்பது வழக்கமான எல்லை. பி12 போதாதபோது இரத்தத்தில் கூடும் மெத்தில்மலோனிக் அமிலம் உயர்ந்திருந்தது, குறைபாடு உறுதியானது. மெட்ஃபார்மின் நீண்ட காலம் எடுத்தால் பி12 குறையும். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பார்க்கச் சொல்லி மருந்துக் குறிப்பேட்டிலேயே உண்டு. வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோலும் அதே திசையில் இழுக்கும். 14 ஆண்டுகளில் யாரும் பார்த்த பதிவு கிடைக்கவில்லை.

நுரையீரல் ஊதுசோதனை இயல்பு. இதய எதிரொலிப் படம் இயல்பு. இதயத் துடிப்பை ஏறவிடாமல் பிடித்துவைக்கும் பீட்டா தடுப்பு மருந்தான மெட்டோப்ரோலால் எதற்கு என்று பழைய பதிவுகளைத் தேடியதில் இரத்த அழுத்தம் தவிர வேறு காரணம் இல்லை. மாரடைப்போ இதயச் செயலிழப்போ தாளப் பிறழ்வோ இருந்ததில்லை.

எடுத்த முடிவுகள், அவற்றின் வரிசை

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றலாம் என்பது ஒரு கருத்து. ஒவ்வொன்றாக மாற்றினால்தான் எது உதவியது என்று தெரியும் என்பது மற்றொன்று. பி12 குறைபாட்டை நிறுத்திவைக்க யாருக்கும் மனமில்லை. நரம்புச் சேதம் காத்திருக்காது. ஆகவே பி12 முதலில், மற்றவை நான்கு வாரம் கழித்துப் படிப்படியாக என்று ஒத்துக்கொள்ளப்பட்டது. மருந்து மாற்றத்தின்போது தலைசுற்றி விழுந்தால் எதனால் என்று பிரித்தறிய முடிவதும் படிப்படியான முறைக்குச் சாதகமாக இருந்தது.

பி12 1000 மைக்ரோகிராம் ஊசி, வாரம் ஒன்றாக நான்கு. பிறகு தினமும் 1000 மைக்ரோகிராம் மாத்திரை. அல்புடெரால் அன்றே நிறுத்தப்பட்டது. நான்காம் வாரம், இதய மருத்துவரின் ஒப்புதலோடு, மெட்டோப்ரோலால் இருவேளை 25 மி.கி. ஆனது, பீட்டா தடுப்பு மருந்தைத் திடீரென நிறுத்தக்கூடாது. அழுத்தம் ஏறாமலிருக்க லொசார்டன் 100 மி.கி. ஆக்கப்பட்டு, இரண்டு வாரத்தில் பொட்டாசியமும் கிரியாட்டினினும் பார்க்கப்பட்டன. ஒமெப்ரசோலுக்கு இப்போது தேவை இல்லை என்று தெரிந்ததால் மெல்லக் குறைக்கப்பட்டது. ஆறாம் வாரம் முதல் வாரம் இருமுறை இயன்முறைப் பயிற்சி: நாற்காலியிலிருந்து எழுதல், கணுக்காலில் எடை கட்டித் தூக்குதல், படியேற்றம், இடைவேளை விட்ட நடை.

இலக்கு என்ன என்று அவரிடமே கேட்கப்பட்டது. உயிர்த்த ஞாயிறு நெருங்கிக்கொண்டிருந்தது; ஆனாலும் அவர் அவசரப்படவில்லை. ஏதாவது ஒரு ஞாயிறு, நடந்து போய், பூசை முடியும்வரை இருந்து, நடந்தே திரும்ப வேண்டும் என்றார்.

பின்னர் நடந்தது

நான்காம் வாரம், அல்புடெராலை நிறுத்தியதைத் தவிர பி12 மட்டும் மாறியிருந்த நிலையில், உடல் களைப்புத்தன்மை 29 இலிருந்து 27. பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

எட்டாம் வாரம் மறு அளவீடு திட்டமிடப்பட்டிருந்தது. அதற்குள் வீட்டில் எல்லோருக்கும் சளிக்காய்ச்சல். இவருக்கும் ஐந்து நாள். அளவீடு ஒத்திவைக்கப்பட்டது; பயிற்சியும் இரண்டு வாரம் நின்றது. காய்ச்சல் முடிந்த மறுவாரம் அளந்தால் கிடைப்பது காய்ச்சலின் களைப்பு. திட்டத்தில் எழுதிய தேதியைக் காப்பாற்ற அளந்து வைப்பதில் பொருளில்லை.

பதினாறாம் வாரம் எல்லாம் திரும்ப எடுக்கப்பட்டது. அதே செவிலியர், அதே அட்டை, அதே காலை நேரம். மெதுநடை 1, விறுநடை 4, வீட்டு வேலை 1, வெளிவேலை 4, தொலைக்காட்சி 0, உட்கார்தல் 0, தசைப்பயிற்சி 3, நாலு பேரோடு கலப்பது 0, விருந்தோம்பல் 2, தீவிரச் செயல் 5. மொத்தம் 20. எல்லை இன்னும் 15 தான்; இவர் இன்னும் அதற்கு மேலே இருக்கிறார்.

நடைக்கூடத்தில்: 44, 43, 43, 44, 45, 45, 46, 47, 47, 45. மொத்தம் 7 நிமிடம் 29 விநாடி. முன்பு இரண்டாம் சுற்றுக்கும் ஒன்பதாம் சுற்றுக்கும் 15 விநாடி வித்தியாசம், இப்போது 4. நாடித்துடிப்பு 66 இலிருந்து 98. கால்களுக்கு 3, மூச்சுக்கு 2. ஹீமோகுளோபின் 11.9, பி12 612. இரத்த அழுத்தம் கட்டுக்குள்.

ஃபேசிட் மதிப்பெண் 43. முன்பு 42. அந்த அளவுகோலில் 3 முதல் 4 புள்ளி மாறினால்தான் மருத்துவ ரீதியில் பொருள் உண்டு என்பார்கள். இதன்படி அவருக்கு எதுவும் நடக்கவில்லை.

நடந்தது இது: தேவாலயத்துக்கு நடந்து போகிறார், வழியில் ஒருமுறை உட்கார்கிறார். கடைக்கு வாரத்தில் இரண்டு நாள் தானே போகிறார். சமையலறை நாற்காலி இன்னும் அங்கேயே இருக்கிறது, எப்போதாவது உட்கார்கிறார். கூடுதலாகக் கிடைத்த வலுவைக் கூடுதல் வேலையில் செலவழித்துவிடுவதால், வார இறுதியில் அவர் உணரும் களைப்பு ஏறக்குறைய பழைய அளவுதான். மகள் தனியாகச் சொன்னது, அம்மா இப்போது மாலையில் “அப்பாடா, களைப்பு” என்று வாய்விட்டுச் சொல்கிறார் என்பது. முன்பு சொன்னதே இல்லையாம்.

எதற்கு எவ்வளவு பங்கு

பி12, பீட்டா தடுப்பு மருந்துக் குறைப்பு, பயிற்சி மூன்றையும் இந்த ஒரு நிகழ்வில் பிரித்துவிட முடியாது. எட்டாம் வார அளவீடு தவறியதால் மருந்துக் குறைப்பையும் பயிற்சியையும் ஓரளவு பிரித்துப் பார்க்கும் வாய்ப்பும் போய்விட்டது. நாடித்துடிப்பு உழைப்புக்கேற்ப ஏறத் தொடங்கியது மருந்துக் குறைப்போடு நேரடியாகப் பொருந்துகிறது. கால்களின் களைப்பு 7 இலிருந்து 3 ஆனதில் பயிற்சிக்குப் பங்கு இருக்க வேண்டும். பி12 இன் பலன் முழுவதும் தெரிய நான்கு வாரம் போதாது. ஆகவே நான்காம் வார எண்ணை வைத்து அதைக் குறைத்து மதிப்பிடக்கூடாது. ஒரே செவிலியரிடம் மறுமுறை பதில் சொல்லும்போது அவரை மகிழ்விக்கும் ஆசையும் சிறிது கலந்திருக்கலாம். சுற்று நேரங்கள் கைவசம் இருப்பது இந்தச் சந்தேகத்துக்கு ஓரளவு பதில்.

இதன்பின் மாற்றியவை

சேர்க்கைப் படிவத்தின் ஒற்றைக் கேள்வி நீக்கப்பட்டது. அதன் இடத்தில் இரண்டு கேள்விகள்: ஓராண்டுக்கு முன் செய்து இப்போது விட்டுவிட்ட வேலை எது; அதை இன்று செய்தால் எவ்வளவு களைப்பு வரும். சேர்க்கையில் இரண்டு நிமிடம் கூடுகிறது.

மூச்சிரைப்பும் களைப்பும் ஒரே கேள்வியில் வருவதில்லை. நோயாளி எந்த ஊரிலிருந்து வந்தவர் என்பது படிவத்தின் மேலேயே எழுதப்படுகிறது. ‘ஸ்பானியம்’ என்று மட்டும் எழுதி நிறுத்துவதில்லை. மெக்சிகோக்காரருக்கும் புவெர்ட்டோ ரிக்கோக்காரருக்கும் ஒரே தாள் போதும். வாய்விட்டுக் கேட்பவர்தான் வழக்கு தெரிந்தவராக இருக்க வேண்டும்.

ஃபேசிட் கைவிடப்படவில்லை. புற்றுநோய், மூட்டுவாத நோயாளிகளிடம் கடந்த வாரத்தின் பாரத்தை அளக்க அது நன்றாகவே உதவுகிறது. ஆனால் செயல்களைச் சுருக்கிக்கொண்ட முதியவரிடம் அதைத் தனியாகப் பயன்படுத்துவதில்லை. களைப்புத்தன்மை அளவுகோலோடும் சுற்றுவாரி நடை நேரத்தோடும் சேர்த்தே படிக்கிறார்கள். மெட்ஃபார்மின் எடுக்கும் முதியவர்கள் அனைவருக்கும் பி12 தேதி பதிவேட்டில் நினைவூட்டலாக ஏற்றப்பட்டுவிட்டது. அடுத்த மறு அளவீடு ஆறாம் மாதத்தில். மெட்டோப்ரோலாலை முழுவதும் நிறுத்தலாமா என்பது அப்போது முடிவாகும்.